திரிகடியும் 300 மில்லிகிராமும்

என் தங்கை மகன் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கிறான். போன மாதம் ஒரு வேலையாகப் போனவன் அவன் அறையில் சில நாள் தங்கினேன். கட்டிலை ஒட்டிய மேஜையில் வரிசையாக ஆறு டப்பா. அஸ்வகந்தா ஒன்று, மக்குனா ஒன்று, 5-எச்டிபி ஒன்று, குங்குமப்பூச் சாறு ஒன்று, மீன் எண்ணெய் ஒன்று, மெக்னீசியம் ஒன்று. நான் ஒவ்வொன்றாய் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவனே ஆரம்பித்தான்.

“இது கார்ட்டிசாலைக் குறைக்கும் மாமா. இது டோபமைனுக்கு. இது செரட்டோனினுக்கு.”

கல்யாண வீட்டில் சம்பந்தி வகையறாவை அறிமுகப்படுத்துகிற மாதிரி விரல் நீட்டிச் சொன்னான். அஸ்வகந்தா டப்பாவைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனேன். ஒரு வாடையும் இல்லை. அஸ்வம் என்றால் குதிரை, கந்தம் என்றால் மணம். குதிரை வாடை அடிக்கிற வேர் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. “இது நம்ம அமுக்கராதானேடா” என்றேன். “அப்படின்னா என்ன மாமா?” என்றான்.

அவன்மேல் குற்றமில்லை. எங்கள் அப்பத்தா அமுக்கராச் சூரணம் இடித்ததை அவன் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்த இடிதூசியில் தும்மியும் இருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரே ஒரு நாட்டு மருந்துக் கடை. சுவர் முழுக்க மர இழுப்பறைகள்; ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் பெயர். அப்பத்தா எழுதத் தெரியாதவள். அவள் சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதிக்கொண்டு போவேன். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கராக் கிழங்கு அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரட்டிப்பு. சித்த மருத்துவ நூல்களும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். கணக்குப் புத்தகத்தில் பெருக்குத் தொடர் படிப்பதற்கு முன்பே எனக்கு அது மருந்துக் கடையில் கிடைத்துவிட்டது. கூட்டிப் பாருங்கள்: கிராம்பில் தொடங்கி அமுக்கரா வரைக்கும் மொத்தம் 127 பங்கு. சர்க்கரை மட்டும் 128. சீட்டு எழுதுகிறவன் ஒரு சாமானை மறந்துவிட்டால் கூட்டுத்தொகையே காட்டிக் கொடுத்துவிடும்.

கடைக்காரர் சீட்டை வாங்கியதும் சாமான் கட்ட ஆரம்பிக்க மாட்டார். “யாருக்குப்பா?” என்பார். “அப்பத்தா கேட்டுச்சு.” “அப்பத்தாவுக்கா, வேற யாருக்குமா?” “சின்னையாவுக்கு.” “என்ன செய்யுது அவருக்கு?” “ராத்திரி தூக்கம் இல்ல. சோறு இறங்கல. எதுலயும் மனசு ஓடலங்கிறாரு.” அதைக் கேட்ட பிறகுதான் இழுப்பறை திறக்கும். “சீமை அமுக்கரா போடுறேன், நாட்டு அமுக்கரா வேணாம்னு சொல்லு. பால்ல அவிச்சுக் காயவெச்சுத்தான் இடிக்கணும்.” அவர் வைத்தியர் இல்லை, தான் வைத்தியர் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்காமல் ஒரு பொட்டலம்கூடக் கட்டியதில்லை.

பாலில் அவிப்பதற்குப் பிட்டவியல் என்று பெயர். சட்டியில் பாலை ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி, அதன்மேல் வேரை வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். வெந்த வேரை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலிப்பார்கள். அதை வஸ்திரகாயம் என்பார்கள். சின்னையாவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு திரிகடிச் சூரணம், ஒரு டம்ளர் பால். மூன்று விரல் நுனியால் அள்ளினால் வருவது திரிகடி. ஐந்து விரலும் கூட்டி அள்ளினால் வெருகடி. வெருகு என்றால் காட்டுப்பூனை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள். அதுவரைக்கும் புளி குறைக்க வேண்டும், பகல் தூக்கம் கூடாது, ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும்.

சின்னையா தேறினார். சூரணத்தாலா, ஒன்பது மணிக்கு விளக்கணைத்ததாலா, நாற்பத்தெட்டு ராத்திரியும் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து “குடிச்சிட்டியா?” என்று கேட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அன்று யாரும் பிரித்துப் பார்க்க முயலவும் இல்லை.

கார்ட்டிசால், செரட்டோனின் என்ற சொற்கள் அந்த வீட்டில் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. “பித்தம் தலைக்கேறிடுச்சு” என்றார்கள். கொஞ்சம் படித்தவர்கள் “நரம்புத் தளர்ச்சி” என்றார்கள். சித்த நூல்களில் மனக்கோளாறுகளுக்குக் கிரிகை என்று தனிப் பெயரே உண்டு. பதினெட்டு வகையாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு உடம்பும் மனசும் ஒரே பானைச் சோறு.

ஆனால் மூளை ரசாயனம் பற்றிய இன்றைய பேச்சு எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால், அது திரும்ப இந்தியாவின் ஒரு வேரில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. சர்ப்பகந்தி. பீகார்ப் பக்கத்துச் சந்தைகளில் ‘பாகல் கி தவா’ என்றே விற்றார்கள். பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுவதாக எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்த அழுத்த நோயாளிகளுக்கு அந்த வேரைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்குப் பிறகே வெளிநாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்தார் வேரின் சாரமான ரிசெர்ப்பினைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் நியூயார்க்கில் நேத்தன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் அமைதியடைவதாக எழுதினார்.

அமைதிப்படுத்துகிறது, சரி, எப்படி? 1955இல் அமெரிக்காவில் பிளெட்ஷர், ஷோர், புரோடி மூவரும் ஒரு விடை சொன்னார்கள்: ரிசெர்ப்பின் உள்ளே போனால் உடம்பில் சேமிப்பிலிருக்கும் செரட்டோனின் வெளியேறிக் காலியாகிறது. செரட்டோனின் என்ற பெயருக்கே அப்போது ஏழு வயதுதான். 1948இல் ரத்தத்தின் சீரத்திலிருந்து அதைப் பிரித்தவர்கள் வைத்த பெயர் அது. மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் காட்டியது 1953இல். இதற்கிடையே, ரத்த அழுத்தத்துக்கு ரிசெர்ப்பின் சாப்பிட்ட சிலர் கடும் சோர்வில் விழுவதாக மருத்துவர்கள் குறித்துவைத்திருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். இந்த ரசாயனங்கள் குறைந்தால் மனம் சோரும், கூட்டினால் தேறும். மேஜையில் இருந்த டப்பாக்களில் பாதி இந்த ஒரு முடிச்சில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது 1957. ஸ்வீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசெர்ப்பின் கொடுத்தார். காது தொங்கி, அசைவில்லாமல் கிடந்தன முயல்கள். பிறகு டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சற்று நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்தன. டோபமைன் மூளையில் சொந்தமாக வேலை பார்க்கும் பொருள் என்ற கண்டுபிடிப்புக்கு அது வழிவிட்டது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு அதற்காகத்தான். அந்த 1957 கட்டுரையின் தலைப்பில் இரண்டு பொருட்களின் பெயர் இருக்கும். ஒன்று டோபா. மற்றது 5-ஹைட்ராக்சி டிரிப்டோபேன், அதாவது 5-எச்டிபி. மக்குனாவில் இருக்கும் சரக்கு அந்த டோபாதான். என் மருமகன் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற மக்குனாவும் 5-எச்டிபியும் முதன்முதலில் ஒன்றாய்ச் சந்தித்துக்கொண்டது சர்ப்பகந்தியால் மயங்கிக் கிடந்த முயலின் முன்னால் என்று சொன்னேன். “செம மாமா” என்றான். அவ்வளவுதான்.

மக்குனா என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வேறொன்றுமில்லை, பூனைக்காலி. வேலியில் படரும் கொடி. காயின்மேல் பழுப்பு வெல்வெட் மாதிரி சுனை. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தன் என் சட்டைக் காலருக்குள் அதைத் தேய்த்துவிட்டான். சொறிந்து சொறிந்து கழுத்து தடித்துப்போய் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பத்தா வைதுகொண்டே சாணியைக் கரைத்துப் பூசினாள். அந்தச் சுனையில் அரிப்பை மூட்டும் ஒரு புரத நொதி இருக்கிறது. அதனோடு செரட்டோனினும் இருப்பதாக 1954இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். மகிழ்ச்சி ரசாயனம் என்று இன்று கொண்டாடப்படுகிற சரக்கு எனக்கு முதலில் தோலில்தான் கிடைத்தது. அழுதேன். ஒரு ரசாயனத்துக்கு உடம்பில் ஒரே ஒரு வேலைதான் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை பூனைக்காலிக் கொடியைத் தொட்டுப் பார்க்கலாம்.

விதையின் கதை நம்மூர்க் கதை. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்து, லண்டன் இதழொன்றில் கட்டுரை எழுதினார்கள். டோபமைனுக்கு மூளையில் ஒரு வேலை இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிவதற்கு இருபது ஆண்டு முன்னால்! விதை எடையில் நான்கு முதல் ஆறு சதவீதம்வரை டோபா இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகளான காணிகளும் பளியர்களும் இந்த விதையை உணவாகவே தின்றிருக்கிறார்கள். அப்படியே தின்பதில்லை. வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டி, இப்படிப் பலமுறை செய்த பிறகே வாயில் வைப்பார்கள். வடித்துக் கொட்டுகிற அந்தத் தண்ணீரோடு போவது டோபாதான். வாந்தியும் தலைச்சுற்றலும் வரும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அவர்கள் கொட்டியதை நாம் இன்று குப்பியில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பார்க்கின்சன் நோய்க்கு டோபா அருமருந்து. அதில் இரண்டு பேச்சில்லை. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. ஆனால் அது மூளையின் ஓரிடத்தில் செல்கள் அழிந்து டோபமைன் வற்றிப்போனவர்களுக்கு. இருபத்தாறு வயதில் தூக்கம் கெட்டு, கைப்பேசியில் கண் வலிக்கிற பையனுக்கு என்ன வற்றியிருக்கிறது? “எனக்கு டோபமைன் லோ மாமா” என்கிறான். எப்படித் தெரியும் என்றால், ரீல்ஸில் ஒருவர் சொன்ன பத்து அறிகுறியில் எட்டு இவனுக்கு இருக்கிறதாம். மூளைக்குள் டோபமைன் எவ்வளவு என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எந்த லேபிலும் கிடையாது. அப்பத்தா “பித்தம் ஏறிடுச்சு” என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றாமலில்லை. ஆனால் அவள் அதைச் சொல்வதற்கு முன் நாடியாவது பிடித்துப் பார்ப்பாள்.

அமெரிக்காவில் 2022இல் மக்குனா குப்பிகள் பதினாறை வாங்கிப் பரிசோதித்தார்கள். ஒருவேளை அளவில் 2 மில்லிகிராம் டோபா இருந்த குப்பியும் இருந்தது, 241 மில்லிகிராம் இருந்த குப்பியும் இருந்தது. வேலியில் பறித்த காயே தேவலை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வேலியில் பறித்ததிலும் அளவு தெரியாது.

அளவு என்ற இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பத்தாவின் சூரணத்தில் அமுக்கரா கால் பங்கு. ஒரு திரிகடி ஒரு கிராமோ ஒன்றரையோ வரும். வேர்ப்பொடி கால் கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வேரில் விதனோலைடு என்ற சாரப்பொருள் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மருமகனின் குப்பியில் 300 மில்லிகிராம். ஆனால் அது வேரல்ல, 5 சதவீதச் சாறு. அதாவது 15 மில்லிகிராம் விதனோலைடு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்பத்தா கொடுத்ததைப் போலப் பல மடங்கு சாரம். பாலும் நெய்யும் இல்லை, மண்டலக் கணக்கும் இல்லை. “எத்தனை நாளாடா?” “ஒன்றரை வருஷம் இருக்கும்.” பிறகு தமிழ்நாட்டு வழக்கப்படி, “நம்ம பாரம்பரியம்தானே மாமா” என்றான். எந்தப் பாரம்பரியத்தில் ஒன்றரை வருஷம் சாப்பிடச் சொல்லியிருக்கிறது?

சாறு வேலை செய்யவே செய்யாது என்று சொல்ல வரவில்லை. 2012இல் ஹைதராபாதில் 64 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், இரண்டு மாதம் சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தமும் ரத்தத்தில் கார்ட்டிசாலும் கணிசமாகக் குறைந்தன. அதற்குப் பின் வந்த பல சிறு ஆய்வுகளும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஓரளவு நல்லது என்றே சொல்கின்றன. லத்தீனில் இந்தச் செடிக்கு வைத்த பெயரிலேயே ‘தூக்கம் தருவது’ என்ற பொருள் இருக்கிறது. சின்னையாவுக்குத் தூக்கம் வந்ததில் அதிசயம் இல்லை. மறுபக்கமும் உண்டு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது. தைராய்டு கோளாறுக்காரர்களும் கர்ப்பிணிகளும் தள்ளி நிற்க வேண்டும். 2021இல் நம் ஆயுஷ் அமைச்சகம், வேரை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. சொல்ல வேண்டிய நிலைமை எப்படி வந்தது? வேர் விலை அதிகம், இலை மலிவு. மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தையில் மூட்டை மூட்டையாய் வேர் ஏலம் போகிறது. இலைக்கு அந்த விலை கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் வேரைக் கையில் ஒடித்துப் பார்க்கலாம், முகரலாம். குப்பிக்குள் போய்விட்டால் எது வேர், எது இலை?

5-எச்டிபி வருவது மேற்கு ஆப்பிரிக்கக் கொடி ஒன்றின் விதையிலிருந்து. கானா நாட்டிலிருந்து ஏற்றுமதி. அதற்கு மூத்தது டிரிப்டோபேன். 1989இல் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பாளரின் டிரிப்டோபேன் சரக்கில் கலந்துவிட்ட கலப்படப் பொருளால் 1,500க்கும் மேற்பட்டோர் தசை வலியில் துடித்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் இயற்கை என்று சொல்லி விற்றதுதான். வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, சாப்பிட்டால் மகிழ்ச்சி என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை இங்கேயே முடித்துவிடலாம். பழத்திலிருந்து வரும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. நம் உடம்பின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அங்கே அதற்கு வேறு வேலை. வாழைப்பழத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

குங்குமப்பூ மட்டும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. தெஹ்ரானில் 2005இல், மிதமான மனச்சோர்வுள்ள 40 பேரைப் பாதியாகப் பிரித்து ஆறு வாரம் பார்த்தார்கள். தினம் 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறு சாப்பிட்டவர்கள், ஃபுளுவாக்செட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். நாற்பது பேர்தான். ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் கரைத்துக் கொடுக்கிற பூ, நிறத்துக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று தோன்றியது.

மருமகன் விஷயத்தில் நடந்தது இது. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த 5-எச்டிபி டப்பாவை அன்றே எடுத்திருப்பேன். அவன் மூன்று மாதமாக ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறான். எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். செரட்டோனினை மூளைச் செல்களின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்கவைக்கிற மாத்திரை. அதோடு இவன் சொந்த யோசனையில் 5-எச்டிபியைச் சேர்த்துக்கொண்டான். நான் தங்கிய இரண்டாம் நாள் காலையில் டீ டம்ளரைப் பிடிக்கிற கை நடுங்கியது. ஏசி ஓடுகிறது, நெற்றியில் வியர்வை. வயிறு வேறு நான்கு தடவை. “ராத்திரி டியூட்டி மாமா, அதான்” என்றான். நான் விடவில்லை, அந்த மருத்துவரிடமே அழைத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணைப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் எகிறியது. “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” “இல்ல டாக்டர்.” நான் துணிப்பையைத் திறந்து ஆறு டப்பாவையும் மேஜையில் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். “முதல் நாளே கேட்டேனே தம்பி.” “அது மருந்து இல்லையே டாக்டர். நேச்சுரல்தானே.” அவர் 5-எச்டிபியை மட்டும் எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். செரட்டோனின் அளவுக்கு மீறினால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரைக்கும் போகும் என்றார். “நீங்க இன்னும் வாசல்லதான் நிக்கிறீங்க. சீக்கிரம் வந்தீங்க.” இரண்டு நாளில் நடுக்கம் நின்றுவிட்டது.

அவன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. சட்டமே அதை மருந்தில்லை என்றுதான் சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி இந்த மாதிரி டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கம், பொடி எழுத்தில். முன்பக்கம் தியானத்தில் ஒரு பெண், அவள் தலையைச் சுற்றிப் பொன்னிற ஒளி. அதே அமுக்கராவைச் சித்த மருந்தாகச் செய்தால் மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 1944இல் தொடங்கிய மருத்துவர் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் செய்கிறது. 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாம்ப்கால் செய்து அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவுகளுக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு சித்த மருத்துவர் உட்கார்ந்திருப்பார், சீட்டில் பெயர், வயது எழுதுவார். இலவசம்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தில் பொன்னிற ஒளி கிடையாது.

அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது என்று எழுதினால் என் சின்ன அத்தை கனவில் வந்து கேட்பாள். அவளுக்கு வந்தது சின்னையாவுக்கு வந்தது போன்ற சோர்வு இல்லை, அதைவிடப் பெரியது. சூரணம் கொடுத்தார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், கடைசியில் ஒரு கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது கணுக்காலில் சங்கிலி உரசிய புண். மாத்திரை கொடுத்திருந்தால் தேறியிருப்பாள் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியோடு கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகிய செய்தியைப் படித்த அன்று அப்பா சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் செய்தித்தாளை யாரும் பழைய பேப்பரில் போடவில்லை.

மாத்திரையின் பக்கமும் இப்போது பழைய நிச்சயம் இல்லை. 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜோனா மான்கிரீஃப் குழுவினர், இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். மாத்திரை பலருக்கு உதவுகிறது என்பது வேறு. ஏன் உதவுகிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த கதை ஆட்டம் கண்டுவிட்டது என்பது வேறு. சர்ப்பகந்தியில் பிறந்த அந்தக் கதையை ஆய்வாளர்களே மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், டப்பா விற்கிறவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கழித்த துணியை நம் வீட்டில் புதுசு என்று உடுத்துவது மாதிரி இருக்கிறது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், சென்னை ராசப்ப செட்டித் தெருவுக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். இருபக்கமும் நாட்டு மருந்துக் கடைகள். மூட்டை வாயில் கடுக்காய், வசம்பு, நன்னாரி. வாசனையே ஒரு கூட்டம் மாதிரி முட்டியது. ஒரு கடையில் அமுக்கரா கேட்டேன். சாக்கிலிருந்து ஒரு வேரை எடுத்துக் கொடுத்தார் கடைப்பையன். ஒடித்து மருமகன் மூக்கருகில் பிடித்தேன். முகத்தைச் சுளித்தான்.

“என்ன மாமா, லாயம் மாதிரி அடிக்குது!”

“அதான் பேரு.”

கல்லாவில் இருந்த பெரியவருக்கு எழுபது இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரும் அஸ்வகந்தா குப்பிகள் அடுக்கி வைத்திருந்தார். இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். மருமகன் குப்பியைப் பார்த்தான், வேரைப் பார்த்தான். “இதுல நூறு கிராம் குடுங்க” என்றான், வேரைக் காட்டி.

பெரியவர் தராசைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“யாருக்குப்பா? என்ன செய்யுது?”

மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றரை வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்ட முதல் கடை அது. பதில் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எனக்குத்தான்” என்றான். “டாக்டர் மாத்திரை ஒண்ணும் சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

“அப்படின்னா அந்த டாக்டரைக் கேட்டுட்டு வா” என்று வேரை வாங்கித் திரும்பச் சாக்கில் போட்டார் பெரியவர். “இப்போதைக்கு நன்னாரி கொண்டுபோ. வெயிலுக்கு நல்லது.”